இன்பச் சொற்களின் எல்லை: ஆங்கில அடைமொழிகளும் தமிழ் வழக்கும்

பிறமொழி ஒன்றைக் கற்கும் மாணவனுக்கு அம்மொழியின் பெயர்ச்சொற்கள் பெரிதும் இடர் தருவதில்லை. மரத்தையும் மாட்டையும் மதிலையும் சுட்டிக் காட்டிப் பெயர் சொல்லிவிடலாம். வினைச்சொற்களையும் ஓரளவு செய்துகாட்டி விளக்கலாம். அடைமொழிகளோ அத்துணை எளிதிற் கைப்படுவன அல்ல. அவற்றுள்ளும் இன்ப நுகர்ச்சியைக் குறிப்பன மிக வழுக்கும் இயல்பின. இனிமையைச் சுட்டிக் காட்டுதற்கு விரல் உதவாது. உள்ளம் அறிந்ததைச் சொல்லே சொல்லுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் பிளெசன்ற், என்ஜோயபிள், டிலைற்ஃபுல், ஹப்பி, கிளாட், மெறி எனப் பல சொற்கள் இத்துறையில் வழங்குகின்றன. வகுப்பறை மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் இவை அனைத்தும் பெரும்பாலும் ‘மகிழ்ச்சியான’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. மகிழ்ச்சியான காற்று, மகிழ்ச்சியான குழந்தை, மகிழ்ச்சியான பயணம், மகிழ்ச்சியான செய்தி என வரும் தொடர்களைக் காணும் ஒருவர் இரண்டு முடிபுகளுள் ஒன்றுக்கு வருதல் இயல்பு. ஆங்கிலத்தின் நுண்ணிய வேறுபாடுகளைத் தாங்கும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்பது ஒன்று. தமிழில் எல்லாச் சொல்லும் உள; தேடாதார் குற்றமே இது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆராயாது கொண்ட முடிபுகளே. இரு மொழியும் இன்பத்தை எவ்வெவ்வாறு கூறுபடுத்தி நோக்குகின்றன என்பதைக் கண்ட பின்னரே எது குறை, எது நிறை எனத் துணிதல் தகும்.

ஒருபொருட் பன்மொழிகளை ஒருங்கு தொகுக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளைக் குறிக்கும் சொற்களை அடுக்கித் தந்தன. மாணவர் மனனஞ் செய்தற்கும் புலவர் செய்யுளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்தற்கும் அவை பயன்பட்டன. எனினும், அச்சொற்கள் தம்முள் எவ்வாறு வேறுபடும் என்பதைக் கூறுதல் நிகண்டின் நோக்கம் அன்று. ஆங்கிலத்தில் ரொஜே என்பார் 1852இல் வெளியிட்ட சொற்களஞ்சியமும் இவ்வகையில் நிகண்டை ஒத்ததே. அதற்கு முன்னரே, 1794இல் பியோற்சி அம்மையாரும் 1816இல் ஜோர்ஜ் கிராப் என்பாரும் வேறொரு நெறியைக் கையாண்டனர். ஒத்த சொற்களை இணையிணையாக நிறுத்தி, எவ்விடத்து ஒன்று பொருந்தும், எவ்விடத்து மற்றொன்று பொருந்தும் என வரையறுத்தல் அந்நெறியாகும். தமிழில் இப்பணியை நிகண்டாசிரியர் செய்யாவிடினும் உரையாசிரியர் செய்துள்ளனர் என்பது பின்னர்ப் புலனாகும்.

முதலில் ஆங்கிலச் சொற்களின் பிறப்பை நோக்குதல் வேண்டும். பிளெசன்ற் என்பது பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வேர் ‘உவப்பித்தல்’ என்னும் பொருளது. டிலைற் என்பதன் இலத்தீன் மூலம் ‘ஈர்த்தல், கவர்ந்து இழுத்தல்’ என்னும் கருத்துடையது. ஹப்பி என்பது ‘தற்செயலாய் நேர்வது’ எனப் பொருள்படும் சொல்லடியாகப் பிறந்தது. நல்லூழ் வாய்த்தவனே முதலில் அச்சொல்லுக்கு உரியவனாயினான். கிளாட் என்பது பழைய ஆங்கிலத்தில் ஒளியையும் பளபளப்பையும் குறித்தது. கிளீ என்பது இசையையும் களியாட்டையும் குறித்து, பின்னர் உள்ளக் கிளர்ச்சியைக் குறிப்பதாயிற்று. ஆக, ஒன்று உவப்பித்தலாலும், ஒன்று கவர்ச்சியாலும், ஒன்று ஊழாலும், ஒன்று ஒளியாலும், ஒன்று இசையாலும் இன்பத்தை நோக்கிற்று. இவ்வேறுபாட்டின் சாயல் இன்றைய வழக்கிலும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இன்றைய வழக்கிற் பிளெசன்ற் என்பது மெல்லிய சொல். காற்று, குரல், நடத்தை, அறை ஆகியன பிளெசன்ற் ஆகலாம். அது உள்ளத்தை அலைக்காது; வருடிச் செல்லும். என்ஜோயபிள் என்பதற்கு ஒரு செயலோ நிகழ்ச்சியோ வேண்டும். விளையாட்டும் நூலும் மாலைப்பொழுதும் என்ஜோயபிள் ஆகும். ஒரு பூவை அவ்வாறு கூறுதல் வழக்கன்று. சிறிது நேரம் ஈடுபட்டு நுகர்ந்தாலன்றி அச்சொல் பொருந்தாது. டிலைற்ஃபுல் என்பது வலிமை மிக்கது. எதிர்பாராமையும் வியப்பும் அதனுள் அடங்கும். ஹப்பி என்பது வாழ்வின் நிலைத்த நிறைவையும் குறிக்கும், ஒரு கணத்து மகிழ்வையும் குறிக்கும். கிளாட் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ஒன்று நிகழ்ந்தமை பற்றியே ஒருவர் கிளாட் ஆவார். மெறி என்பதற்குக் கூட்டம் வேண்டும், ஓசை வேண்டும். தனித்து வாளாதிருப்பவனை மெறி என்றல் அரிது.

இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள எலுவன்குளம் இவ்வேறுபாடுகளைச் சோதித்தற்கு ஏற்ற களமாகும். புத்தளத்திலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய வழியில், கலா ஓயாவை அண்டி அமைந்த ஊர் அது. வடபால், 1938இல் தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட வில்பத்துக் காடு விரிந்து கிடக்கிறது. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டிற் கட்டுவித்த கலாவாவியின் நீரைச் சுமந்து வரும் ஆறு, அவ்வூரைக் கடந்து கண்டற் காடுகளினூடே சென்று களப்பிற் கலக்கின்றது. தமிழும் சிங்களமும் அருகருகே வழங்கும் கரை அது. தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இற் பிறந்ததும் இக்கரையைச் சார்ந்த கற்பிட்டியிலேயே. இரு மொழிக்கு இடையில் நின்று சொல்லை நிறுத்துப் பார்க்கும் தொழில் இப்பகுதிக்குப் புதிதன்று.

எலுவன்குளத்தில் விடியற்காலை ஆற்றின்மேல் வீசும் காற்றை ஆங்கிலம் அறிந்தார் பிளெசன்ற் என்பர். கண்டல்களினூடே தோணியிற் செல்லும் பயணத்தை என்ஜோயபிள் என்பர். திரும்பிய துறையில் எதிர்பாராது தோன்றும் கொக்குக் கூட்டத்தை டிலைற்ஃபுல் என்பர். வலை நிறைய மீன்பட்டமை கேட்ட தொழிலாளி கிளாட் ஆவான். குளம் நிரம்பி விளைவு வீடு வந்து சேர்ந்த குடும்பம் ஹப்பி எனப்படும். திருவிழா இரவிற் கூடிய கூட்டம் மெறி எனப்படும். இவற்றுள் ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் இட்டால் தொடர் தளரும்; சிலவிடத்து நகைப்புக்கும் இடமாகும்.

தமிழ் வழக்கில் இவ்விடங்களுக்கு ‘மகிழ்ச்சியான’ என்பது எங்ஙனம் பொருந்தும்? காற்றை இதமானது என்றோ சுகமானது என்றோ கூறுவதே மக்கள் வழக்கு. இலங்கைத் தமிழிற் சுகம் என்பது உடல்நலத்தையும் குறிக்கும். ஆதலின் சுகமான காற்று என்னும்போது உடலுக்கு அது செய்யும் நன்மையும் உடன் உணர்த்தப்படுகின்றது. பிளெசன்ற் என்னும் சொல்லில் இப்பொருள் இல்லை. தோணிப் பயணம் ‘இன்பமாயிருந்தது’. கொக்குக் கூட்டத்தைக் கண்டு ‘உள்ளம் பூரித்தது’. மீன்பட்டவனுக்குச் ‘சந்தோஷம்’. விளைவு கண்ட குடும்பத்துக்கு ‘மனநிறைவு’. திருவிழாவிற் ‘கொண்டாட்டம்’. இவ்வாறு நோக்கின், சொல் இல்லாமை குறை அன்று என்பதும், அகராதி தேடும் கையும் பேசும் வாயும் வேறுபட்டு நிற்றலே குறை என்பதும் தெளிவாகும்.

இங்கு மற்றொரு வேறுபாடும் புலனாகின்றது. மேற்கூறிய ஆங்கிலச் சொற்களுள் முதல் மூன்றும் நுகரப்படும் பொருளைச் சார்ந்தன. பின் மூன்றும் நுகர்வோரைச் சார்ந்தன. காற்றுப் பிளெசன்ற் என்னும்போது அவ்வியல்பு காற்றிலேயே கிடப்பதுபோலத் தோன்றும். யாருக்கு அவ்வாறு இருந்தது என்பதைத் தொடர் சொல்லாது. தமிழிலோ பேச்சுவழக்குப் பெரிதும் நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும். ‘எனக்கு இதமாயிருந்தது’, ‘அவனுக்குச் சந்தோஷம்’ என நுகர்வோன் தொடரின் தலையில் வந்து நிற்பான். இன்பம் ஒருவருக்கு நேர்வது. அது யாருக்கு நேர்ந்தது என்பதை மறைத்தல் ஆகாது என்பதே இவ்வமைப்பின் உட்கிடை.

இது வெறும் இலக்கணச் செய்தி அன்று. மாரிக்காலத்திற் கலா ஓயா பெருகும்போது, எலுவன்குளத்தில் மக்கள் ‘சப்பாத்துப் பாலம்’ எனக் கூறும் தாழ்பாலத்தை மேவி நீர் பாய்வதும் போக்குவரத்துத் தடைப்படுவதும் உண்டு. கரையில் நின்று நோக்கும் வழிப்போக்கனுக்கு அக்காட்சி டிலைற்ஃபுல் ஆகலாம். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லக் காத்து நிற்பவனுக்கு அதே வெள்ளம் துயரம். வெள்ளத்தையே அடைமொழியால் அழகுபடுத்தும் தொடர் முதலாமவனின் கண்ணை உலகத்தின் கண்ணாக்கிவிடுகின்றது. நான்காம் வேற்றுமை நிற்கும் தொடர் அவ்வாறு செய்ய இடங்கொடாது.

எனினும், பொருளின்மேல் இனிமையை ஏற்றும் சொல் தமிழில் இல்லை எனல் பொருந்தாது. ‘இனிய’, ‘இனிது’ என்பன அத்தகையன. குழலையும் யாழையும் இனியன என்போர் தம் மக்களின் மழலையைக் கேளாதோர் என வள்ளுவர் மக்கட்பேற்றிற் கூறுவர். ஒரு பொருளை இனிது என்று தீர்ப்பளிக்கும் உரிமை, வேறு எதனையெல்லாம் நுகர்ந்தோம் என்பதைப் பொறுத்தது என்பது அக்குறளின் உள்ளுறை. இனிது எனும் சொல்லை ஆண்டுகொண்டே, அச்சொல்லை ஆள்பவனை நோக்கி வினாவெழுப்பிய நுட்பம் அது. பூதஞ்சேந்தனார் இயற்றியதாகக் கூறப்படும் இனியவை நாற்பதோ கற்றலையும் ஒழுக்கத்தோடு வாழ்தலையும் இனியன என அடுக்கும். ஆங்கிலத்துப் பிளெசன்ற் அத்துணைச் சுமையைத் தாங்காது. நல்லது எது, இனியது எது எனப் பிரித்து நோக்காத நெறி ‘இனிது’ என்பதற்கு உரியது.

இனித் தமிழ்ச் சொற்களுள் உவகை, மகிழ்ச்சி, களிப்பு, இன்பம் என்னும் நான்கினையும் ஒப்பிடுதல் வேண்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக உவகையை வைத்தனர். இன்பம் என்றோ மகிழ்ச்சி என்றோ அவர் கூறாது உவகை என்றமை நோக்கத்தக்கது. உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. ஆகவே உவகை, காண்பார்க்குத் தோன்றும் இன்பமாகும். அது செல்வம், புலன், புணர்ச்சி, விளையாட்டு ஆகிய நான்கின் அடியாகப் பிறக்கும் என்பது அவர் கொள்கை. புலன் என்பதனைக் கல்வியால் வரும் அறிவாக உரைகள் விளக்கும். உடைமையால் வருவது, அறிவால் வருவது, அன்பால் வருவது, ஆடலால் வருவது எனக் காரணத்தால் உவகையை வகுத்த இப்பாகுபாடு ஆங்கில அடைமொழிப் பாகுபாட்டின் வேறானது. ஆங்கிலம் பெரும்பாலும் அளவாலும் இடத்தாலும் பிரிக்கின்றது. தொல்காப்பியம் தோற்றுவாயாற் பிரிக்கின்றது.

விளையாட்டின்பாற்படும் உவகைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் கற்பியலை நோக்கலாம். மனையறம் பூண்ட தலைவனும் தலைவியும் ஊரெல்லை கடந்து சென்று ஆற்றிலும் குளத்திலும் சோலையிலும் ஆடி நுகர்தல் அங்குக் கூறப்படும். ஆறும் குளமும் காடும் ஒருங்கமைந்த எலுவன்குளம் போன்ற ஊருக்கு விடுமுறை நாளிற் செல்லும் குடும்பம் அறியாமலே அப்பழைய நெறியைப் பின்பற்றுகின்றது.

மகிழ்ச்சி, களிப்பு என்னும் இரண்டின் வேறுபாடு இன்னும் நுண்ணியது. இரண்டும் கள்ளொடு தொடர்புடையன. மகிழ் என்பது பழந்தமிழிற் கள்ளையும் அதனால் வரும் மயக்கத்தையும் குறித்தது. களி என்பது குடித்து மயங்கிய நிலையைக் குறித்தது. வள்ளுவர் புணர்ச்சி விதும்பலின் முதற் குறளில் இவ்விரு சொல்லையும் வேறுவேறு இடத்தில் நிறுத்துகின்றார். நினைத்த அளவிலே வருவது களித்தல். கண்ட அளவிலே வருவது மகிழ்தல். இரண்டும் காமத்துக்கு உண்டு, கள்ளுக்கு இல்லை என்பது அதன் கருத்து. பரிமேலழகர் அங்கு, களித்தலாவது உணர்வு அழிதல் என்றும், மகிழ்தலாவது உணர்வு அழியாது நிற்றல் என்றும் எல்லை வகுத்தனர். கிராப் என்பார் ஆங்கிலத்துக்குச் செய்த பணியை, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழ் உரையாசிரியர் ஒருவர் ஒரு குறளின் அளவிற் செய்து காட்டினர் எனலாம்.

ஆயின், இவ்வெல்லை எல்லாவிடத்தும் நிற்கின்றதா என்பது வினா. பொச்சாவாமை அதிகாரத்தின் முதற் குறளில் வள்ளுவர் உவகையையும் மகிழ்ச்சியையும் ஒருங்கு கூறுவர். மிகுந்த உவகையால் விளையும் மகிழ்ச்சியில் வரும் மறதி, அளவிறந்த சினத்தினும் தீது என்பது பொருள். அங்குப் பரிமேலழகர் மகிழ்ச்சிக்குக் களிப்பு என்றே பொருள் கொண்டனர். ஓரிடத்தில் உணர்வு அழியாதது என்று வகுத்த மகிழ்ச்சியை, மற்றோரிடத்தில் மறதிக்குத் தாயாகிய களிப்பாகக் கொண்டமை முரண் எனத் தோன்றும்.

அது முரண் அன்று. களித்தலோடு எதிர்நிறுத்தப்பட்ட இடத்தில் மகிழ்தலின் எல்லை குறுகும். தனித்து நின்ற இடத்தில் அது விரியும். பொச்சாவாமையில் உவகை முதலாகவும் மகிழ்ச்சி அதன் விளைவாகவும் வைக்கப்பட்டன. உவகை என்பது காரணத்தோடு கூடிய உள்ளக் கிளர்ச்சி. அது சிறந்து மிக்கபோது எழும் பெருக்கே மகிழ்ச்சி. அப்பெருக்கு அளவு கடந்தால் உணர்வை அழித்தல் இயல்பு. சொல்லின் பொருள் வேலியிட்ட நிலம் போன்றதன்று; அண்டையில் யார் குடியிருக்கின்றார் என்பதைப் பொறுத்து அகன்றும் ஒடுங்கியும் நிற்பது. ஒருபொருட் பன்மொழிகளை ஆராய்வோர் இதனை மறந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மாறா எல்லையிட முயலின் அம்முயற்சி பயன்படாது.

இன்பம் என்பது இம்மூன்றினும் அகலமானது. அறம், பொருள் என்பவற்றோடு ஒருங்கு எண்ணப்படும் உறுதிப்பொருள் அது. எல்லா உயிர்க்கும் இயல்பாக அமைந்து வருவது அதன்பாலுள்ள விருப்பம் எனப் பொருளியல் கூறும். சிற்றின்பம், பேரின்பம் எனப் பகுக்கும் சைவ மரபிலும் அச்சொல்லே இருபுறத்துக்கும் உரியதாயிற்று. உவகை வந்து போவது. மகிழ்ச்சி பெருகி வடிவது. களிப்புத் தன்னை மறப்பது. இன்பம் வாழ்வின் குறிக்கோளாய் நிற்பது. இந்நான்கினையும் ஒன்றாகக் கருதி ‘மகிழ்ச்சியான’ என எழுதிச் செல்வோர் ஆங்கிலத்துக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் அநீதி செய்கின்றனர்.

ஆங்கிலக் கவிதை ஒன்றை வைத்து இதன் பயனை அளந்து பார்க்கலாம். 1807இல் வெளிவந்து 1815இல் திருத்தம் பெற்ற வேட்ஸ்வேர்த்தின் டஃபடில் மலர்க் கவிதையை அறியாத மாணவர் அரியர். அச்சிறு கவிதையுள் கிளீ, கே, ஜொக்கண்ட், பிளிஸ், பிளெஷர் என இன்பம் குறிக்கும் சொற்கள் ஐந்து வருகின்றன. கிளீ என்பது மலர்களும் அலைகளும் போட்டியிடும் ஆட்டத்துக்கு உரியது. ஜொக்கண்ட் என்பது மலர்க்கூட்டத்துக்கு அடை. முதற் பதிப்பில் அவ்விடத்தில் ‘நகைக்கின்ற’ என்னும் கருத்துடைய சொல்லே இருந்தது. கே என்பது கவிஞனின் அப்போதைய நிலை. இன்று அச்சொல் வேறு பொருளில் வழங்குவதால் இளைய வாசகர் மயங்குவர். பிளிஸ் என்பது தனிமைக்கு உரியதாகின்றது. பிளெஷர் என்பது இறுதியில் நெஞ்சை நிறைக்கின்றது.

புறத்தே ஆடும் மலரிலிருந்து அகத்தே நிறையும் நெஞ்சு வரையிலும் கவிதை செல்லும் வழியை இவ்வைந்து சொற்களும் மைல்கற்களாய் நின்று காட்டுகின்றன. ஐந்தனையும் மகிழ்ச்சி என மொழிபெயர்ப்பின் வழி மறைந்துவிடும். மலர்களின் ஆட்டத்துக்குக் குதூகலம் என்பதும், அவற்றின் கூட்டத்துக்கு நகை என்னும் அடியாகப் பிறந்த ஒரு சொல்லும், கண்ட அளவிலே கவிஞனுக்கு நேர்ந்ததற்கு மகிழ்தல் என்பதும் பொருந்தும். காண்டலால் வருவது மகிழ்தல் என வள்ளுவர் வகுத்தமை இவ்விடத்துக்கு நன்கு துணைசெய்கின்றது. பின்னர், நினைத்தலால் வருவதற்குக் களித்தல் என்பதை ஆளலாமோ எனின், ஆகாது. தனிமையில் அக்காட்சியை மீட்டுக் காணும் கவிஞன் உணர்வு அழிந்தானல்லன், உணர்வு தெளிந்தவன். ஆதலின் அங்கு உவகையே தகும். காட்சி தனக்குத் தந்த செல்வத்தைக் கண்டபொழுது எண்ணிலேன் எனக் கவிஞன் கூறுதலும், உவகையின் நிலைக்களங்களுள் செல்வத்தைத் தொல்காப்பியர் முதற்கண் வைத்தமையும் ஒருங்கு நினைக்கத்தக்கன. பிளிஸ் என்பதைப் பேரின்பம் என்றல் மிகை. ஆயினும், ‘வாழ்த்துதல், புனிதமாக்குதல்’ எனப் பொருள்படும் பிளெஸ் என்னும் சொல்லின் சாயல் நெடுங்காலத்துக்கு முன்னரே அதன்மேற் படிந்தமையால், அம்மொழிபெயர்ப்பு முற்றும் பிழை எனவும் தள்ளல் ஆகாது.

இதுகாறும் கூறியவற்றால் தமிழ் எவ்வகையிலும் குறைவுடையதன்று எனத் துணிந்துவிடலாமோ எனின், அதுவும் பொருந்தாது. எழுத்துத் தமிழுக்கு உண்மையான இடர் தரும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது ஃபன் என்பது. எளிமையும் விளையாட்டும் கூட்டுறவும் கலந்த அச்சிறு சொல்லுக்கு உவகை என்பது மிக உயர்ந்தது; இன்பம் என்பது மிக ஆழ்ந்தது; வேடிக்கை என்பது பார்ப்பவனுக்கே உரியது. ஈழத்துப் பேச்சுவழக்கிலோ அதற்கு நேரான சொற்கள் உள. முசுப்பாத்தி என்பது ஃபன் என்பதன் இடத்தை ஏறக்குறைய முற்றாக நிரப்பும். முசுப்பாத்தியான ஆள், முசுப்பாத்தியான கதை என அது அடையாகவும் வரும். பம்பல் என்பது கூடியிருந்து பேசிச் சிரிக்கும் பொழுதுக்கு உரியது. புளுகம் என்பது பாராட்டோ பரிசோ பெற்றவனின் முகத்தில் அடக்கமாட்டாது தோன்றும் பூரிப்பு. டிலைற் என்பதற்கு அதனினும் நெருங்கிய சொல் காண்டல் அரிது. மானிப்பாயில் 1842இல் அச்சான அகராதியிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட பேரகராதி வரை சொற்களைத் தொகுத்தோர் பலர். சொல் தொகுப்பில் இல்லாமை அன்று இன்றைய குறை. கட்டுரை எழுதுவோர் பேச்சுச் சொற்களைத் தாழ்வெனக் கருதி வாயிலிலே நிறுத்திவிடுதலே குறை. சாமுவேல் ஜோன்சனும் 1755இல் வெளியிட்ட அகராதியில் ஃபன் என்பதைத் தாழ்ந்த குழூஉக்குறி என இழித்துரைத்தார். அச்சொல் அவரைக் கடந்து வாழ்ந்தது.

வாயிலைத் திறந்துவிடுவோர் காவலையும் மறத்தல் ஆகாது. எல்லாவற்றுக்கும் ஆகும் சொல் இறுதியில் எதற்கும் ஆகாது. நைஸ் என்னும் சொல் இலத்தீனில் ‘அறியாதவன்’ என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்து, பேதைமையையும் பின்னர் நுண்மையையும் குறித்து, முடிவில் எதற்கும் ஒட்டும் புகழ்மொழியாயிற்று. 1817இன் இறுதியில் வெளிவந்த நாவலொன்றில் ஜேன் ஒஸ்ரின் அம்மையார் அதனை ஒரு பாத்திரத்தின் வாயிலாக எள்ளி நகையாடினார். வகுப்பறைத் தமிழில் மகிழ்ச்சி என்பதற்கும் அந்நிலையே நேர்ந்துள்ளது.

வடசொற்கள் இடம்பெயரும்போது பொருளும் பெயர்தல் உண்டு. சந்தோஷம் என்பது வடமொழியிற் போதுமென்ற மனத்தைக் குறிப்பது; யோகநூல் கூறும் நியமங்களுள் ஒன்று. தமிழில் அது எவ்வகை மகிழ்வுக்கும் உரியதாயிற்று. விநோதம் என்பது பொழுதுபோக்கு இன்பத்தைக் குறித்தது. விநோதரசமஞ்சரி என்னும் நூற்பெயரில் அப்பொருள் இன்னும் நிற்கின்றது. இன்றைய தமிழில் அது புதுமையானதை, விசித்திரமானதைக் குறிக்கும். சிங்களத்திலோ பழைய பொருளே வழங்குகின்றது. ஆதலின், புத்தளக் கரையில் ஒரே பயணத்தைச் சிங்களர் ‘விநோத’ப் பயணம் என்னும்போது, அச்சொல்லைக் கேட்கும் தமிழ்ச் சிறுவன் அதில் என்ன விசித்திரம் எனத் திகைக்கலாம். அனுபவித்தல் என்பதும் இத்தகையதே. என்ஜோய் என்பதற்கு அதனை இடுவர். ஆனால் தமிழில் இன்பத்தையும் அனுபவிக்கலாம், தண்டனையையும் அனுபவிக்கலாம். ஆகவே ‘அனுபவிக்கத்தக்க நூல்’ என்பது புகழோ எச்சரிக்கையோ எனத் தெளிதல் அரிது.

இச்சொல்லாராய்ச்சி கல்லூரி வாழ்வைத் தீண்டும் இடம் ஒன்று உண்டு. ஃபன் என்பதன் பழைய பொருள் ஒருவனை ஏமாற்றி மூடனாக்குதல். ஈழத்துத் தமிழிற் பகிடி என்பது நகைச்சுவைப் பேச்சு. மிக எளிய, தீங்கற்ற சொல். அதனோடு வதை என்பது சேர்ந்து பகிடிவதை என்னும் தொடர் பிறந்தது. புதுமுக மாணவரைத் துன்புறுத்தும் வழக்கத்துக்கு அப்பெயர் நிலைத்தது. உயர்கல்வி நிலையங்களில் அதனைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வேண்டியதாயிற்று. அச்செயல் புரிவோர் தம் செயலை இன்றும் ஃபன் என்றே கூறி நியாயப்படுத்துவர். யாருக்கு ஃபன் என்பதை அத்தொடர் சொல்வதில்லை. நுகர்வோனை மறைக்கும் அடைமொழி கொடுமைக்கும் போர்வையாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பகிடிவதை என்னும் தமிழ்த்தொடரோ செய்பவனின் பகிடியையும் படுபவனின் வதையையும் ஒருசேர நிறுத்தி, அப்போர்வையை விலக்கிவிடுகின்றது. மக்கள் வழக்கு ஆக்கிய இத்தொடரின் நேர்மை பாராட்டத்தக்கது.

ஆகவே, இன்பம் குறிக்கும் எச்சொல்லையும் மொழிபெயர்ப்போரும் எழுதுவோரும் அச்சொல்லை மூன்று வினாக்களால் ஆராய்தல் நன்று. இன்பம் எதனாற் பிறந்தது என்பது தொல்காப்பியர் வினா. அதனிடத்து உணர்வு நின்றதா, அழிந்ததா என்பது பரிமேலழகர் வினா. யாருக்கு என்பது தமிழின் நான்காம் வேற்றுமை எழுப்பும் வினா. மென்மையா வன்மையா, செயலா பொருளா என ஆங்கிலம் எழுப்பும் வினாக்களையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். பிறமொழி கற்பதன் பயன் தன்மொழி கேளாத வினாவைக் கேட்கக் கற்பதுதானே. இவ்வினாக்களுக்கு விடை கண்ட மாணவன் பின்னர் அகராதியைத் திறக்கும்போது, அங்குக் கிடக்கும் பத்துச் சொற்களும் ஒரே சொல்லாகத் தோன்றா. தான் நுகர்ந்தது இன்னது எனத் தெளிந்தவனுக்கே அதற்குரிய சொல் வசப்படும். பிறர் நுகர்ந்ததையும் எண்ணிப் பார்ப்பவனுக்கே அச்சொல்லைப் பிழையின்றி ஆளும் தகுதி உண்டு.